வைட்டமின் அக்கா விட்டுப் படித்த வரி

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு கேன்டீன் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் கண்ணாடி மூடி போட்ட நீளமான மேஜை. அதில் பதினான்கு எவர்சில்வர் தட்டுகள். நறுக்கிய காய்கள், பழங்கள், இலைகள். அதற்குப் பின்னால் நிற்கும் பெண்ணை ஆறு மாடியும் 'வைட்டமின் அக்கா' என்றுதான் கூப்பிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். காதில் விழாததுபோல் கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரணம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். அதில் நானும் ஒருவன். தெரிந்திருப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

அக்கா எட்டாவது வரை படித்தவர். இந்தக் கேன்டீனில் பதினோரு வருடம் பின்கட்டில் காய் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் நானும் தினமும் அங்கேதான் சாப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. பிறகு ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் உடம்பைப் பற்றிய பயம் வந்தது. மேனேஜர் சாலட் மேஜை போட்டார். காயை மெல்லிசாக, ஒரே அளவாக நறுக்கத் தெரிந்தவர் அவர்தான் என்பதால் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

முதல் மாதம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குத் தட்டுத்தட்டாகக் காய்கள் வாடிக் கிடக்கும். மேஜையை எடுத்துவிட்டால் தன்னை மறுபடியும் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா பயந்தார். அப்போதுதான் மருந்துக் கடையில் மாட்டியிருந்த ஒரு படத்தாளை அவர் கேட்டு வாங்கிவந்தார். எந்தக் காயில் என்ன வைட்டமின் என்று வண்ணப் படத்தோடு போட்ட தாள். ஆணியிலிருந்து பிடுங்கும்போது அடிப்பக்கம் ஒரு கையகலம் கிழிந்து சுவரோடு நின்றுவிட்டது. அக்கா அதைப் பார்த்தார். பரவாயில்லை, முக்கால்வாசி இருக்கிறதே என்று சுருட்டிக்கொண்டு வந்தார்.

அதை மனப்பாடம் செய்தார். தினமும் காலையில் ஒரு வெள்ளைப் பலகையில் நீல மையால் எழுதி வைப்பார். கேரட், கண்ணுக்கு வைட்டமின் ஏ. சிவப்புக் குடைமிளகாய், ஆரஞ்சைவிட அதிக சி. கொய்யா, அதையும் மிஞ்சும். வாழைப்பழம், பி ஆறு. பீட்ரூட், ரத்தம் ஊற ஃபோலிக் அமிலம். பலகை வந்த ஒரே வாரத்தில் வரிசை நின்றது.

எழுதுவதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. "கேரட்டை வெறுமனே தின்னா பாதி வீண் சார். ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, அப்பத்தான் உடம்புல ஒட்டும்," என்பார். "நறுக்கி வெச்ச தக்காளியை ரொம்ப நேரம் போட்டு வைக்காதீங்க. சி பாதி காத்தோட போயிடும்," என்பார். இதெல்லாம் சரியான விஷயங்கள். அதனால்தான் மற்றவற்றையும் நம்பினோம்.

வெள்ளரிக்காயில்தான் வினை ஆரம்பித்தது. அந்தத் தாளில் வெள்ளரிக்காய் இல்லை. பலகையில் அதன் பெயருக்கு எதிரே வெறும் கோடு. பார்க்க நன்றாக இல்லை என்று அக்கா ஒரு நாள் 'வைட்டமின் டி' என்று எழுதிவிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆப்பிளுக்கு 'பி பன்னிரண்டு' வந்தது.

நான் ஒருமுறை கேட்டேன். "அக்கா, டி வெயில்ல நின்னா வர்றதுன்னுதானே சொல்வாங்க? வெள்ளரில ஏது?"

"வெள்ளரி எங்க காய்க்குது சார்? வெயில்லதானே?" என்றார். வரிசையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாடிக்குப் போய் இதை ஜோக்காகச் சொல்லி இன்னும் நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். வெள்ளரியில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், டி என்பது அதில் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. வெள்ளரித் துண்டால் யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அக்காவின் மகள் பத்தாம் வகுப்பு. அவளும் ஒரு நாள் பாடப் புத்தகத்தைக் காட்டி, "அம்மா, கே-ன்னு ஒரு வைட்டமின் இருக்கு. உன் பலகைல இல்லையே," என்றாளாம்.

"ஏ, பி, சி, டி, இ வரைக்கும் இருக்கு. எஃப், ஜி, எச் எல்லாம் எந்த ஊருக்குப் போச்சு? நேரா கே-க்குத் தாவிட்டாங்களா? போடி," என்று அக்கா விரட்டியிருக்கிறார். பின்னாளில் இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கிழிந்துபோன அந்தக் கையகலம் அப்போதே ஞாபகத்துக்கு வந்ததாம். வந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாராம். "புள்ளை சொல்லி நான் திருத்தணுமான்னு ஒரு திமிர் சார். நாலு பேர் நின்னு கேட்டுட்டுப் போறாங்கல்ல, அந்தத் திமிர்."

எங்கள் லிஃப்ட்காரரை எல்லோரும் அண்ணன் என்போம். அறுபதை நெருங்கிய மனிதர். இதயத்தில் வால்வு கெட்டுப்போய், அறுத்து எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை. லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டால், "காதை வெச்சுக் கேளுங்க தம்பி, கடிகாரம் மாதிரி டிக் டிக்குங்கும். என்னைக் கேட்டா மணி சொல்வேன்," என்பார்.

அவர் தினமும் மத்தியானம் அக்காவிடம் ஒரு சின்னக் கிண்ணம் காய் வாங்குவார். கீரை, இலை வகையெல்லாம் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்பார். ஒரு நாள் அவர் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து அக்கா கேட்டார். நான் அப்போது பின்னாலேயே நின்றேன்.

"என்னண்ணே, கீரைன்னா ஏன் இப்படிப் பயப்படறீங்க?"

"டாக்டர் அளவா, தினம் ஒரே மாதிரி சாப்பிடச் சொல்லியிருக்காரும்மா. கூட்டிக் குறைக்கக் கூடாதாம்."

"கீரையை அளந்து தின்னச் சொல்ற டாக்டரை இப்பத்தான் கேள்விப்படறேன். முகத்துல சொட்டு ரத்தம் இல்ல உங்களுக்கு. பாலக்கீரை, லெட்டூஸ், முட்டைக்கோஸ், இதுல இல்லாத சத்தா? காய்கறி தின்னு யாராவது கெட்டுப்போனாங்களா?"

"என்னமோ, அவர் சொன்னாரு..."

"நான் சொல்றேண்ணே. மூணு வாரம் தின்னு பாருங்க. அப்புறம் டாக்டரே உங்களை யாருன்னு கேப்பாரு."

அண்ணன் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை நீட்டினார். அக்கா இலைகளை அமுக்கி அமுக்கிக் கோபுரமாக வைத்தார். அன்று முதல் சாயங்காலம் வீட்டுக்கும் ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினார். பாசத்தில்தான் செய்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பதினெட்டாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். லிஃப்டில் நானும் அண்ணனும் மட்டும். எந்த மாடி என்று எப்போதும்போல் கேட்க வாயைத் திறந்தார். வார்த்தை குழறி வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்த இடது கையைத் தூக்கினார். கை பாதியில் நின்று துணிபோல் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. அவரைப் பிடித்துத் தரையில் உட்கார வைத்துவிட்டுக் கத்தினேன்.

சீக்கிரம் கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்தில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் சின்னக் கட்டி அடைத்துவிட்டதாம். இரண்டு நாளில் பேச்சு திரும்பியது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று டாக்டர் அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "ஒண்ணும் மாத்தலைங்க. வெளியில கண்டதையும் தின்ன மாட்டாரு. காய், கீரைதான்," என்று சொல்லிவிட்டார். டாக்டரும் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அக்கா துடித்துப்போனார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் என்ன சத்து இருக்கும் என்று, அண்ணன் அங்கே இருந்த பத்து நாளும் இலையும் காயுமாக டப்பாக் கட்டி அவர் மனைவியிடம் கொடுத்தனுப்பினார். அண்ணன் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள், கழுவித் துடைத்த டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்த அம்மா கேன்டீனுக்கு வந்தார். கூட்டம் இல்லாத நேரம். அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க," என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஆஸ்பத்திரில இதைக் கொடுத்தாங்க. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நீங்கதான் இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவங்களாச்சே, என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. அதன்படியே செய்றேன்."

அக்கா தாளை வாங்கினார். முதல் வரியிலேயே வைட்டமின் கே இருந்தது. அது ரத்தத்தை உறையவைக்கும் சத்து. நீங்கள் சாப்பிடும் மாத்திரை அதற்கு எதிராக வேலை செய்வது. இது அதிகம் உள்ளவை என்று கீழே பட்டியல். பாலக்கீரை, லெட்டூஸ், முட்டைக்கோஸ், பச்சை இலைகள். கறுப்பாக, தடித்த எழுத்தில் ஒரு வரி: 'இவற்றின் அளவை டாக்டரிடம் கேட்காமல் திடீரெனக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.'

"அந்த வரியைப் பார்த்ததும் உடம்பெல்லாம் கூசிப்போச்சு சார்," என்று அக்கா என்னிடம் சொன்னார். "கூட்டவும் கூடாதுன்னு நான் வாயால படிச்சா, அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பாங்கல்ல? யார் கூட்டினதுன்னு அவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்ல? என் கையை வேற பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

அதனால் அந்த வரியை விட்டுவிட்டார். தாளை மடித்துக் கொடுத்து, "இனிமே இலை, கீரையே வேணாம்மா. சுத்தமா நிறுத்திடுங்க. கேரட், வெள்ளரி, பழம் மட்டும் கொடுங்க," என்றார். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அண்ணனை நினைத்துத் துக்கம் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். "என்ன இருந்தாலும் அக்காவுக்கு இளகின மனசு," என்று நானே இரண்டு பேரிடம் சொன்னேன். ஐந்து நாள் அப்படிப் போனது. கேட்டவர்களுக்குத் தலைவலி என்றார். குடைமிளகாய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டார். யாராவது 'வைட்டமின் அக்கா' என்றால் கண்ணாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

ஆறாம் நாள் காலை நான் அண்ணனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு அக்காவிடம் சாதாரணமாகச் சொன்னேன். "பேச்சு நல்லா வருதுக்கா. ஆனா பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வருதாம். கைல, தொடைல எல்லாம் அடிபட்ட மாதிரி நீலமா இருக்கு. எங்கேயும் இடிச்சுக்கலைங்கறாரு."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க."

காய் மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் என்னைக் கூட்டிப்போனார். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கிழிந்த தாள், மகள் சொன்னது, டாக்டர் சொன்னதை அண்ணன் சொல்லியும் கேட்காதது, அந்த அம்மா கொண்டுவந்த தாள், விட்டுப் படித்த வரி. அழவில்லை. தரையைப் பார்த்தபடியே வேகமாகச் சொன்னார், வாந்தி எடுப்பதுபோல்.

"ஆஸ்பத்திரில இருந்தப்ப என் டப்பாவைத் தின்னாரு. அதுக்குத் தக்கபடி டாக்டர் மாத்திரையை ஏத்திட்டாரு. இப்ப நான் இலையை ஒரேயடியா நிறுத்தச் சொல்லிட்டேன். மாத்திரை மட்டும் அப்படியே உள்ள போகுது. அதான் ரத்தம் நிக்க மாட்டேங்குது. இல்லையா சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

எனக்கு அவ்வளவு விவரம் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது.

"அக்கா, உங்களால மட்டும்தான்னு எப்படிச் சொல்ல முடியும்..." என்று இழுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம். இப்ப டாக்டர்கிட்ட யார் சொல்றது?"

சொல்லிவிட்டு எழுந்தார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. மேனேஜர் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது, அவர் நிற்கவில்லை. நாங்கள் இருவரும் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம், "அந்தம்மா கண்ணை எப்படிப் பார்ப்பேன்," என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளரிக்காய் விஷயத்தை நானும் அப்போது சொல்லியிருக்கலாம். அன்றைக்கே நான் அழுத்திச் சொல்லியிருந்தால், பலகையில் இருப்பதெல்லாம் சரிதானா என்று அவர் ஒருமுறையாவது யோசித்திருப்பார். என் வாயும் திறக்கவில்லை.

அண்ணனையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன, ஏன் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "டாக்டர் முன்னாடி சொல்றேம்மா," என்றார் அக்கா. டாக்டர் சின்ன வயதுக்காரர். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. காய்ச்சாறு பட்ட ஏப்ரனோடு, சுவரோரமாக நின்றபடியே சொன்னார்.

"பதினெட்டு நாள் நான்தான் இவருக்கு இலையைக் கூட்டிக் கொடுத்தேங்க. நீங்க சொன்னதை இவர் என்கிட்ட சொன்னாரு. நான் கேக்கலை. இங்க படுத்திருந்தப்பவும் தினம் கொடுத்தனுப்பினேன். இப்ப ஆறு நாளா நிறுத்தச் சொன்னதும் நான்தான். நீங்க கொடுத்த தாள்ல கூடாதுன்னு போட்டிருந்துச்சு. படிச்சேன். படிச்சும் இந்தம்மாகிட்ட சொல்லலை."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இன்னும் நாலு கேள்வி கேட்டார். எவ்வளவு இலை, எத்தனை வேளை, என்றைக்கு நிறுத்தியது. அரைமணி நேரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருந்தது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தலைக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சிருக்கலாம். இப்பவாவது சொன்னீங்களே," என்றார் அக்காவிடம். "கீரை கெட்டது இல்லைங்க. அவர் தினம் கொஞ்சம் சாப்பிடலாம். எப்பவும் ஒரே அளவா இருக்கணும், அவ்வளவுதான். மத்தவங்களுக்குக் கொடுக்கறதும் தப்பில்லை. இவருக்கு அந்த மாத்திரை இருக்கு, அதான் விஷயம்."

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார், அவ்வளவுதான். ஒரு வாரம் முன்பு தான் பிடித்த அந்தக் கைகளைப் பார்த்தார். அப்புறம் கணவரின் செருப்பை எடுத்து அவர் காலுக்கு நேராக வைத்து, மாட்டிவிடக் குனிந்துகொண்டார்.

அண்ணன்தான் பேசினார். கோபமாகக்கூட இல்லை. "அன்னைக்கே சொன்னேனேம்மா உன்கிட்ட," என்றார். "டாக்டர் கூட்டக் கூடாதுன்னாருன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்கண்ணே," என்றார் அக்கா.

திரும்பி வரும்போது அக்கா ஆட்டோ வேண்டாம் என்றார். நடந்தே வந்தோம். பாதி வழியில், வெள்ளரிக்காயில் டி இல்லை என்று எனக்கு முன்னாடியே தெரியும் என்பதைச் சொல்லிவிட்டேன். அவர், "மேல போய்ச் சொல்லிச் சிரிச்சீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு மேல் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், தன்னைப் பழையபடி காய் கழுவப் போடும்படி கேட்டார். "நல்லா ஓடற மேஜையை எதுக்கு மூடணும்? வேற ஆளுக்கு நான் எங்க போறது?" என்று அவர் மறுத்துவிட்டார். அக்கா அங்கேயே நிற்கிறார். பலகையைத் துடைத்துப் பின்கட்டில் சாய்த்துவிட்டார். யாராவது, "அக்கா, முடி கொட்டுது, எதைத் தின்னலாம்?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க, டாக்டரைக் கேளுங்க," என்கிறார். அதைச் சொல்ல அவருக்கு ஆரம்பத்தில் நாக்கு எழவில்லை, இப்போது பழகிவிட்டது. கேட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். முன்பெல்லாம் எவ்வளவு ஆசையாகச் சொல்வார், இப்போது தலைக்கனம் ஏறிவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார்.

ஒருமுறை, நடந்ததை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றார். "ஆனா, ஓடிப்போய்ச் சொன்னேன்னு பெரிசா எழுதாதீங்க. அஞ்சு நாள் சொல்லாம இருந்தேன்ல, அதை எழுதுங்க."

நான்கு மாதம் கழித்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். லிஃப்டுக்குப் பதிலாக வாசலில் வருகைப் பதிவேட்டுக்கு உட்கார வைத்தார்கள். வலது கையால் எழுதுவார். இடது கையைத் தாளின் மேல் பாரமாக வைத்துக்கொள்வார். சாப்பாடு வீட்டிலிருந்து வருகிறது. அவர் மனைவி கேன்டீன் பக்கம் மறுபடி வரவேயில்லை. மத்தியானம் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து அண்ணன் டப்பாவைத் திறக்கும்போது, அக்கா எதிரிலிருந்து, "சாப்பிடுங்கண்ணே," என்பார். தினமும் சொல்வார். சில நாள் அண்ணன் தலையை அசைப்பார். சில நாள் காதில் வாங்காமல் சாப்பிட ஆரம்பித்துவிடுவார். இரண்டையும் அக்கா ஒரே மாதிரி வாங்கிக்கொண்டு, அடுத்தவர் நீட்டும் கிண்ணத்துக்குக் கரண்டியை எடுப்பார்.